தோளுக்கு மேலே நீளும் பிடி

கத்தியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டியபோது ‘ம்’ வரவில்லை. ஆனால் கத்தி கையைவிட்டுப் போய்விட்டது.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலைச்சரிவில் மின்கம்பிக்கு அடியில் புதர் வெட்டுகிற வேலை. முன்னால் நிற்பவன் வெட்டுவான், பின்னால் நிற்பவன் தீட்டுவான். ஆளுக்கொரு காட்டுக்கத்தி. முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம்; மடங்காது, பிடிக்குள்ளும் அதே இரும்புதான் ஓடும். கத்தி மழுங்கியதும் முன்னால் இருப்பவன் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, பிடியைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக நீட்டுவான். பின்னால் இருப்பவன் பற்றிக்கொண்டு ‘ம்’ என்பான். அதைக் கேட்ட பிறகுதான் விரலைத் தளர்த்த வேண்டும். அடுத்த நொடி, தீட்டிய கத்தியின் பிடி தோளுக்கு மேலே வந்து நிற்கும்.

இதில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மழைக்காலத்தில் ஒருத்தன் ஏதோ கேட்பதற்காகத் திரும்பினான். பின்னாலிருந்து வந்த கத்தி அவன் கன்னத்தைக் காதுவரை திறந்துவிட்டது. அந்த ஆள் இன்றைக்கும் தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குத்தான் போகிறது.

பின்னால் நிற்பது மாப்பிள்ளை, தங்கச்சியின் புருஷன். சாப்பாட்டு நேரத்தில் அவனை ஓட்டியது கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

“நீ தீட்டுன கத்தியில என் தாடியைக்கூட எடுக்க முடியாது மாப்ள. கல்லுல இரும்பைத் தேய்க்கறியா, இல்ல கொஞ்சிக்கிட்டு இருக்கியா?”

“உங்க தாடிக்கு ரம்பந்தான் வேணும் மச்சான். அதுக்கு என்னை ஏன் சொல்றீங்க?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கத்தியை விட்டுட்டு அதைத்தான் தீட்டி வச்சிருக்க.”

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தக் கோபம்தான் இன்னும் இருக்கிறது என்று அவன் நினைத்தான். காலையில் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பும்போது தங்கச்சி வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னது வேறு மனதில் ஓடியது. “இவரைப் பாத்துக்கோ அண்ணா. எனக்கு எட்டாம் மாசம். இவருக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்.” சாயங்காலம் முழுசாக உன்னிடம் ஒப்படைக்கிறேன், போ என்று அவனும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

தோளுக்கு மேலே பிடி வந்தது. வாங்கி ஒரு வீச்சு வீசினான். கட்டைவிரல் பருமனுள்ள கொம்பு சத்தமே இல்லாமல் இரண்டாகி, கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்று, பிறகு சரிந்தது.

“பரவால்லையே மாப்ள. ரோஷம் வந்தாத்தான் உனக்கு வேலை ஓடுது போல.”

பின்னால் தீட்டும் சத்தம் மட்டும் தொடங்கியது.

மூடுபனி அதற்குள் கீழே இறங்கி, மேலே கம்பியையும் பக்கத்தில் மரங்களையும் விழுங்கிவிட்டு, அவனுக்கும் புதருக்கும் நடுவில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பச்சை இலை நசுங்குகிற வாசனைக்கும் நனைந்த மண் வாசனைக்கும் அடியில், மூடிக் கிடந்த கறிக்கடையைக் காலையில் திறக்கும்போது வருவதுபோல ஒரு நெடி மெதுவாக ஏறியது. தீட்டும் சத்தமோ நிற்கவே இல்லை. மாப்பிள்ளை தீட்டினால் இரண்டு இழுப்புக்கு ஓர் இருமல் வரும், மூக்கை உறிஞ்சுவான், பாட்டில் பாதி வரி முனகுவான். இது நீளமான, ஒரே அளவான, அவசரமே இல்லாத இழுப்பு. நடுவில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

ஆனாலும் அவன் வெட்டிக்கொண்டே போனான். இப்படி ஒரு கத்தி அவன் கையில் வாய்த்ததே இல்லை. கை சும்மா போனால் போதும், காடு தானாக விலகியது. நிலம் காலடியில் சரிந்துகொண்டே போனதையும், மேலே எப்போதும் கேட்கிற கம்பியின் ரீங்காரம் எப்போதோ நின்றுபோனதையும் அவன் தாமதமாகத்தான் கவனித்தான்.

“மாப்ள, கம்பியை விட்டு விலகிட்டோம்னு நினைக்கிறேன். நில்லு.”

தீட்டும் சத்தம் நின்றது. அவன் மழுங்காத கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கேட்காமலேயே அடுத்த கத்தியின் பிடி தோளுக்கு மேலே வந்தது. தொட்டான். வெதுவெதுப்பு. பிசுபிசுப்பு. உள்ளங்கையைப் பார்த்தான். சிவப்பு.

“கையை வெட்டிக்கிட்டியா? ஏண்டா சொல்லல?”

ஓரக்கண்ணால் தோள்பக்கம் பார்த்தான். கத்தியை நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் அதன் முதுகைப் பிடித்திருக்கவில்லை. கூரான வாயைப் பிடித்திருந்தன. இறுக்கமாக. இரும்பு சதைக்குள் எலும்புவரை இறங்கியிருந்தது. வெளிறிய, நீளமான விரல்கள். அந்த வெட்டுகளில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பிடியில் இருந்தது வேறு யாருடைய ரத்தமோ.

மாப்பிள்ளை எங்கே?

அவன் திரும்பத் தலையை அசைத்தான். பிடரியில் ஒரு குளிர்ந்த புள்ளி வந்து தொட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். புள்ளி தோலைக் கிழித்து உள்ளே போனது. சூடாக ஒரு கோடு முதுகுத்தண்டில் இறங்கி இடுப்பில் கட்டியிருந்த தோல் உறைவரை வந்தது. நேராகப் பார்த்தான். புள்ளி விலகியது.

வெட்டு. அதற்கு அவ்வளவுதான் அர்த்தம்.

வெட்டினான். இடம், வலம். நின்றால் புள்ளி. மெதுவானால் புள்ளி. மாப்பிள்ளையை எங்கே விட்டேன் என்று மனசு ஓலமிட்டது. எப்போது கடைசியாக அவன் பேசினான்? ஏதோ கத்தினானே. நான் வெட்டுகிற சத்தத்தில், சரி சரி என்று சொன்னேனே. எதற்குச் சரி என்றேன்?

பின்னால் காலடிகள். ஒன்று இல்லை. நிறைய. வெட்டிய பாதையை மிதித்துக்கொண்டு. தீட்டும் சத்தமும் இப்போது ஒன்றில்லை.

ஓடினான். வெட்டிக்கொண்டே ஓடினான். முன்னால் கடைசிப் புதர், ஆள் உயரம். அதன் பின்னால் மங்கலான வெளிச்சம். கையை முழுசாக ஓங்கினான்.

“மச்சா…”

குரல் புதருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கை ஏற்கனவே இறங்கிக்கொண்டிருந்தது. கொம்புக்கும் கழுத்துக்கும் அந்தக் கத்திக்கு வித்தியாசம் தெரியவில்லை. புதர் விழுந்தது. பிறகு மாப்பிள்ளை விழுந்தான்.

கழுத்திலிருந்து மார்வரை திறந்திருந்தது. அவன் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அழுத்தினான். விரல்களுக்கு நடுவே பொங்கியது. அழுத்த அழுத்தப் பொங்கியது. மாப்பிள்ளையின் கையில் புதுச் சாணைக்கல் ஒன்று, தாள்கூடப் பிரிக்காமல்.

“கல்லு… உடைஞ்சுபோச்சு. குவார்ட்டர்ஸ் போயி வேற எடுத்துட்டு வரேன்னு… சொன்னேனே. நீங்கதான… சரின்னீங்க.”

“பேசாத. பேசாதடா. ஒண்ணுமில்ல.”

“மச்சான்.” மாப்பிள்ளையின் கண் அவன் தோளைத் தாண்டிப் போனது. மேலே, இன்னும் மேலே போனது. “இவங்க எல்லாம் யாரு?”

பிறகு அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை.

இடதுபக்கம் ஒரு கால் அவனைத் தாண்டியது. வலதுபக்கம் இன்னொன்று. செருப்பில்லாத, வெளிறிய, ஈரமண் அப்பிய கால்கள். மாப்பிள்ளையின் மார்பில் மிதித்து, அந்தப் பக்கம் இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கத்தி, வாய்ப்பக்கம் பிடித்தபடி தொங்கியது.

அவன் நிமிர்ந்தான். விழுந்த புதர் விட்ட இடைவெளியில், சரிவுக்கு நேர் கீழே, குவார்ட்டர்ஸின் பின்கட்டு. கம்பி போகிற திசையில் இல்லை, நேராக இங்கேதான் அவன் பாதை போட்டிருக்கிறான். காடு முழுக்க முள்ளும் கொடியுமாக அடைத்து வைத்திருந்த சரிவு இப்போது ஒரு வீதி மாதிரி திறந்து கிடந்தது.

பின்கதவு திறந்தது. விளக்கோடு தங்கச்சி.

“யாரு, நீங்களா? இப்பத்தான போனீங்க. அண்ணனும் கூட வர்றானா?”

கத்த வாயைத் திறந்தான். தாடைக்கு அடியில் குளிர்ந்த இரும்பு படுக்கையாக வந்து அமர்ந்தது. எச்சில் விழுங்கியதற்கே தோல் விரிந்தது. அவன் வாயிலிருந்து வந்தது காற்று மட்டும்.

“பனியில ஒண்ணும் தெரியல. அங்க பள்ளம் இருக்கு, விழுந்து வைக்காதீங்க. இருங்க, நான் வரேன்.”

ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, விளக்கை உயர்த்திப் பிடித்தபடி அவள் படி இறங்கினாள். பள்ளத்தின் ஓரத்தில் விளக்கைக் கீழே வைத்தாள். அவனைத் தாண்டி முதலில் போனது பள்ளத்துப் பனிக்குள்ளிருந்து அவளை நோக்கிக் கையை நீட்டியது.

தூக்கிவிடுவதற்காக அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.