காப்பு கட்டிய அலிபி

"அய்யய்யோ... யாராச்சும் ஓடியாங்களேன்!"

பாண்டியம்மாளின் அலறலில் வாடிப்பட்டிப் பக்கத்து அந்தக் கிராமமே விழித்துக்கொண்டது.

பம்ப்செட் அறைக்குள் அவள் புருஷன் கருத்தக்கண்ணன்... மண்டை பிளந்து கிடந்தான்! பக்கத்தில் ரத்தம் தோய்ந்த மண்வெட்டி.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்துரை ஜீப்பை விட்டு இறங்கியதும், தோட்டத்துச் சொந்தக்காரர் சிவனாண்டி முன்னால் வந்தார்.

"பிரைமா ஃபேசி கேஸ் சார்! பாத்த ஒடனே தெரியுது. மம்பட்டி நம்ம பண்ணையாள் வீரணனோடது. அது எவிடென்ஸ். முந்தாநாள் ரெண்டு பேருக்கும் வாய்க்காத் தண்ணிக்குச் சண்டை. அது மோட்டிவ்!"

ஒரு நில வழக்குக்காகப் பத்து வருஷம் மதுரைக் கோர்ட்டுப் படியேறியவர் சிவனாண்டி. நியாயத்தைப் பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகள் அத்தனையும் அத்துப்படி. நியாயம்தான் தெரியாது!

"சாமி சத்தியமா நான் இல்லீங்கய்யா!" வீரணன் கையெடுத்துக் கும்பிட்டான். "மம்பட்டி எப்பவும் இங்கதான் கெடக்கும்..."

வெள்ளைத்துரை சிவனாண்டியைப் பார்த்தார்.

"செத்தவன் திங்கக்கிழமை கோர்ட்டுல உங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல இருந்தானாமே?"

சிவனாண்டி சிரித்தார்.

"அலிபி சார், அலிபி! நான் ஊருலயே இல்ல. நேத்து சாயங்காலமே திண்டுக்கல் போயிட்டேன். ராத்திரி லாட்ஜுல தங்கிட்டு, இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்குறேன். மேனேஜரக் கேளுங்க, அடிச்சுச் சொல்லுவான்!"

வீரணன் கையில் விலங்கு விழுந்தது.

"மூணு புள்ளைகய்யா..." அவன் மனைவி மலையம்மாள் இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள்.

"நேச்சுரல் ஜஸ்டிஸ்மா! நான் என்ன செய்ய?" என்றார் சிவனாண்டி.

வீரணனின் உதடு வறண்டிருந்தது. வெள்ளைத்துரைக்கு மனசு கேட்கவில்லை. தனக்கு வந்த டீயை அவனிடம் நீட்டினார்.

"குடிப்பா. அப்புறம் பேசலாம்."

"வேணாங்கய்யா. திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்கேன். வெளியில எதுவும் குடிக்கக் கூடாது."

அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"வேற என்னவெல்லாம் கூடாது?"

"கறி கூடாது. ஊரு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாதுங்க..."

குடிக்காத அந்த டீக்குள் ஆண்டவன் பதிலை வைத்திருந்தான்!

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்லத் திரும்பியது. சிவனாண்டியின் மணிக்கட்டுக்கு...

தங்க வாட்சை ஒட்டி... அதே மஞ்சள் கயிறு! கூட்டத்தில் நின்ற கோயில் பூசாரியைக் கூப்பிட்டார்.

"பூசாரி! நாளைக்குக் கோயில்ல முதல் மரியாதை யாருக்கு?"

"சிவனாண்டி அண்ணனுக்குத்தான்யா," என்றார் பூசாரி நல்லகாமன்.

"அண்ணன் நேத்து ராத்திரி திண்டுக்கல்ல தங்கிட்டு வந்திருக்காரு. காப்போட!"

கூட்டம் கொதித்தது. சாமி குத்தம்!

"அப்ப அண்ணனுக்குப் பரிவட்டம் கெடையாது!" பூசாரி பக்கத்தில் நின்ற இளவட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள, அந்தக் காப்ப அத்து எறி! அவுக பங்காளிக்குக் கட்டிப்புடுவோம்!"

பங்காளிக்கா? பரிவட்டமா? சிவனாண்டியின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது.

"எவன்டா அவன் என் காப்புல கைய வைக்கிறது? நான் எல்லையத் தாண்டவே இல்லடா! ராத்திரி பூரா இந்தத் தோட்டத்துலதான்..."

நாக்கு பாதியில் நின்றது.

ஊர் மொத்தமும் அவரையே பார்த்தது!

வீரணனின் கை விலங்கு சிவனாண்டியின் கைக்கு மாறியது. காப்புக்கு மேலேயே!

"அப்ஜக்‌ஷன் சார்! போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்டுல செல்லாது!"

"எங்கிட்ட எங்கண்ணே சொன்னீக? ஊருகிட்டல்ல சொன்னீக!" வெள்ளைத்துரை ஜீப்பில் ஏறினார். "வாய மூடிக்கிட்டு இருக்கவும் சட்டத்துல உரிமை இருக்கு. அம்புட்டும் படிச்ச மனுசன், அத மட்டும் விட்டுட்டீகளே!"