பெட்டி திறக்கும்வரை பேசாதே!

பிணத்தின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

ஒருமுறை... இரண்டுமுறை... விடாமல்!

பின்பக்கப் படிக்கட்டின் அடியில் கழுத்து ஒரு பக்கமாய்த் திரும்பிக் கிடந்த அந்த மனிதர், போனை எடுக்கிற நிலைமையில் இல்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து, கையுறை போட்ட விரல்களால் அதை உருவினார். திரையில் 'குட்டிமா' என்று இருந்தது.

"யாரா இருக்கும் சார்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எடுத்தாத்தானேய்யா தெரியும்!"

எடுத்தார்.

"பெரியப்பா! மீட்டிங் முடிஞ்சுதா? அப்பா போனையே எடுக்க மாட்டேங்கறாரு. நம்ம மருந்து பாஸா, ஃபெயிலா? சீக்கிரம் சொல்லுங்க, நகத்தையெல்லாம் கடிச்சுத் தின்னுட்டேன்!"

இன்ஸ்பெக்டர் எத்தனையோ பிணங்களைப் பார்த்த மனிதர்தான். ஆனால் பிணத்துக்கு வந்த போனில் ஒரு சின்னப் பெண் சிரிப்பதை இதுவரை கேட்டதில்லை.

"பெரியப்பா... வேலையா இருக்காரும்மா. அப்புறம் பேசறோம்."

பச்சைப் பொய்! சட்டென்று போனை அணைத்தார்.

செத்தவர் அந்த மருந்துக் கம்பெனியின் நிதித் தலைவர். ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் 'கத்திரி'. எந்த ஆராய்ச்சியைக் கண்டாலும் வெட்டு, வெட்டு என்பாராம். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத ஒண்டிக்கட்டை.

"கால் தவறியிருக்கலாம் சார்."

"கால் தவறினவன் சட்டைப் பட்டன் மேல் படியில எப்படிய்யா கிடக்கும்? யாரோ கொத்தாப் பிடிச்சுத் தள்ளியிருக்காங்க. பாக்கெட்ல வேற என்ன இருக்கு?"

"ரெண்டு பிளாஸ்டிக் வில்லை சார். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. கேரம் காய் மாதிரி இருக்கு."

"செத்தவர் கேரம் ஆடவா ஆபீஸ் வந்தார்? மேல போய்க் கேப்போம், வா."

மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட கூட்ட அறை. நீள மேஜை, மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. ஆறு அதிகாரிகள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வந்து பேசியது ஒரே ஒரு பெண்மணி. கூட்டத்தை நடத்துகிறவர். நேரம் தாண்டிப் பேசினால் மணியடித்து உட்கார வைப்பதால், அவருக்குப் பெயர் பெல் அம்மா!

"எங்ககிட்ட ஒன்பது மருந்து ஆராய்ச்சி ஓடுது சார். எல்லாத்தையும் இழுக்கத் தெம்பு இல்லை. எதை வச்சுக்கறது, எதை மூடறதுன்னு ஏழு பேர் அப்பப்ப உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்க."

"அடிதடி நடக்குமே?"

"நடந்துச்சு! போன வருஷம் தண்ணி பாட்டில் பறந்துச்சு. யார் தொண்டை பெருசோ அவங்க சொன்னது நடக்கும். அதனாலதான் என்னைக் கூப்பிட்டாங்க. இப்ப ரகசிய ஓட்டு. ஆளுக்கு ஒரு பச்சை டோக்கன், ஒரு சிவப்பு டோக்கன். பச்சைன்னா தொடரட்டும், சிவப்புன்னா மூடு. திரைக்குப் பின்னால போய் ஒண்ணைப் பெட்டியில போடணும். இன்னொண்ணு அவங்க பாக்கெட்லயே இருக்கணும்."

"போட்டதும் எண்ணிடுவீங்களா?"

"மாட்டோம். நடுவுல ஒரு காபி இடைவேளை. சூடு தணிஞ்சு மனசு மாறினா, வந்து மாத்திப் போட்டுக்கலாம். பெட்டியைத் திறக்கும்போது ஏழு பேரும் அறையில இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் மொத்த ஓட்டும் செல்லாது, இருக்கறவங்க மறுபடி போடணும். சரிசமமா வந்தா... ஆராய்ச்சியை மூடிட வேண்டியதுதான்."

"இடைவேளையிலதான் இவர் செத்திருக்கார். சரி, இந்தக் கறுப்பு?"

பெல் அம்மாவின் முகம் வெளுத்தது.

"அதைப் பெட்டி திறக்கற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது சார்."

"அம்மா! கீழ ஒருத்தர் செத்துக் கிடக்கார்!"

அவர் அருகே வந்து, காதோடு காதாக ஏதோ சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். இன்ஸ்பெக்டர் கறுப்பு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு எந்த மருந்துக்கு ஓட்டு?"

"தசை சுருங்கிப்போற நோய்க்கானது. குழந்தைங்களுக்கு வர்றது. அதைக் கண்டுபிடிச்ச ஆராய்ச்சியாளரோட மகளுக்கே அந்த வியாதி. அதனால அவருக்கு ஓட்டு கிடையாது. வந்து பேசலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம், ஓட்டுக்கு முன்னாடி வெளியே போயிடணும். இந்த மருந்தாலதான் அந்தப் பொண்ணு எழுந்து நடக்கறா சார். மூடிட்டா மருந்து நின்னுடும். அப்புறம்... கால் போகும், கை போகும், கடைசியில மூச்சு."

"கத்திரி என்ன சொன்னார்?"

"கிழிகிழின்னு கிழிச்சார்! நாலஞ்சு குழந்தைக்காகக் கம்பெனியே மூழ்கணுமான்னு கேட்டார். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டபடி வெளியே போனார்."

"ரெண்டு பேருக்கும் பழக்கமா?"

"காலேஜ்ல ஒரே ரூம்ல இருந்தவங்க. அந்தப் பொண்ணு இவரைப் பெரியப்பான்னுதான் கூப்பிடும். நடக்க முடியாத நாள்ல தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதே இவர்தான்."

இன்ஸ்பெக்டர் வேறெதுவும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுத்தமான குடுவை! கழுவினதையே மறுபடி மறுபடி கழுவினார்.

"நண்பர் செத்துட்டார். தெரியுமா?"

"சொன்னாங்க."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"கூட்டத்துலதான் சார். பேசி முடிச்சதும் என்னை அனுப்பிட்டாங்க. நேரா இங்க வந்துட்டேன். அப்புறம் அவனை நான் பார்க்கவே இல்லை."

"ரொம்ப வருத்தமா இருக்கும் உங்களுக்கு..."

"வருத்தமா?" கழுவுவதை நிறுத்தினார். "என் பொண்ணு அவன் மடியில வளர்ந்தவ சார்! அவளுக்குக் கொள்ளி வைக்கத் துணிஞ்சானே! எவ்வளவு கெஞ்சியும், கடைசி வரைக்கும் ஓட்டை மாத்த மாட்டேன்னுட்டான்!"

"ஓட்டை மாத்தவா?"

"ஆமா சார்."

"ஓட்டைப் போட்டாத்தானே மாத்த முடியும்? ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே உங்களை அனுப்பிட்டாங்க. அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லைங்கறீங்க. மாத்தச் சொல்லி எப்போ கெஞ்சினீங்க?"

குடுவை கீழே விழுந்து சிதறியது.

ஆராய்ச்சியாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது.

"படிக்கட்டுல மறிச்சேன் சார். கால்ல விழுந்தேன். போட்டதை மாத்திடுடா, குட்டிமா செத்துடுவாடான்னு கதறினேன். 'மாத்த மாட்டேன்டா. வாயைத் திறக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பொறு'ன்னு சொன்னான். சொல்லிட்டு... சிரிச்சான் சார்! என் வயிறு எரியுது, அவன் சிரிக்கறான்! சட்டையைப் பிடிச்சேன், தள்ளிட்டேன். விழுந்த சத்தம் கேட்டதும் பயந்து ஓடி வந்துட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். இதைச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கோர்ட்டில் எப்படியும் தெரியப்போகிறது. பெருமூச்சு விட்டு, கறுப்பு வில்லையை நீட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. ஆராய்ச்சியைக் கொண்டுவர்ற யாருக்குமே தெரியாது. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஏழு பேருக்கும் குலுக்கல் நடக்குமாம். கறுப்பு யாருக்கு வருதோ, அவர் மனசுல என்ன இருந்தாலும் சரி, எதிர்த்தே வாதாடணும். இருக்கற குறையெல்லாம் கிளறணும். அப்பத்தான் நல்லது கெட்டது வெளியே வரும், கண்ணை மூடிக்கிட்டு யாரும் தலையாட்ட மாட்டாங்க. இன்னிக்கு அது உங்க நண்பருக்கு வந்துச்சு."

"அப்போ... அவன் பேசினது..."

"கொடுத்த வேலையைச் செஞ்சார். ஓட்டு வேற."

இன்ஸ்பெக்டர் இன்னொரு வில்லையைக் காட்டினார். சிவப்பு!

"இது அவர் பாக்கெட்ல மிச்சம் இருந்தது. அப்ப பெட்டியில போட்டது எது?"

ஆராய்ச்சியாளர் அந்தச் சிவப்பையே பார்த்தார்.

"பச்சைய்யா! அதைத்தான் நீங்க மாத்தச் சொன்னீங்க. அதைத்தான் மாத்த மாட்டேன்னார்."

"ஒரு வார்த்தை... எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"பெட்டி திறக்கறதுக்கு முன்னாடி சொன்னா ஓட்டே ரத்தாம். உங்க பொண்ணுக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு நின்னார்."

அந்த அலறலை என்னால் எழுத முடியாது. மாடி வரைக்கும் கேட்டது.

மேலே, சாட்சிக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். நான்கு பச்சை, மூன்று சிவப்பு. மருந்து ஜெயித்திருந்தது!

ஆனால் ஏழாவது நாற்காலி காலி. ஓட்டு செல்லாது. மிச்சமிருந்த ஆறு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரைக்குப் பின்னால் போய்வந்தார்கள். பெல் அம்மா டோக்கன்களை மேஜையில் பரப்பினார்.

மூன்று பச்சை... மூன்று சிவப்பு!

"யாராவது ஒருத்தர் மாத்தக் கூடாதா?" என்று வெடித்தார் அவர். "ஒரே ஒருத்தர்!"

ஓர் அதிகாரி தலையைத் தூக்காமல் சொன்னார். "வருத்தம் வேற, முடிவு வேறன்னு நீங்கதானேம்மா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?"

பெல் அம்மா மேஜையில் கவிழ்ந்துகொண்டார்.

வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார். "சார்... அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும். பெரியப்பா போயிட்டாரு, அப்பா ஜெயிலு, மருந்தும் இல்லைன்னு... யார் போய்ச் சொல்றது?"

ஆறு பேரும் மேஜையையே பார்த்தார்கள். ஒருவர் கூடக் கை தூக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதுக்கு மட்டும் எவனும் கமிட்டி போட மாட்டான்யா... வண்டியை எடு!"