நான்காவது பெல்ட்

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். துணி உலர்த்தும் மிஷினுக்கு ஒரே மாதத்தில் இது நான்காவது பெல்ட். இதுவும் அறுந்தால் வேலை போய்விடும் என்று கம்பெனியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெற்றது பதவி மட்டும்தான். குரல் இன்னும் பணியில் இருந்தது. மனைவி இறந்த மறுவாரமே மிஷின் வாங்கியதையும், அவள் முப்பது வருஷம் கையால் செய்ததை இது முக்கால் மணி நேரத்தில் முடிப்பதையும், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினார்.

துணி அறையில் ஈரச் சோப்பு வாசனை. ஜன்னலில் வெயில் அடித்தும் உள்ளே குளிர்ந்தது.

மோட்டார் சரி. சக்கரம் சரி. பழைய பெல்ட் தேய்ந்து போகவில்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததுபோல் நீண்டு அறுந்திருந்தது. புதியதை மாட்டுமுன், வழக்கம்போல் மெக்கானிக், துணி சுற்றும் காலி டிரம்மை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். தாராளமாகச் சுற்ற வேண்டும்.

பாதி சுற்று போய் நின்றது. மெதுவாகத் திரும்பி வந்தது.

உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிற கனம்.

டார்ச் அடித்துப் பார்த்தார். காலி.

துண்டு, போர்வை போட்டால் ஓடுகிறதாம். தன் சட்டைகளைப் போட்டால்தான் பெல்ட் அறுகிறதாம். மரியாதை தெரியாத மிஷின் என்றார் அதிகாரி. பெல்ட் மாட்டியதும் ஈரச் சட்டைகளைத் தானே திணித்து, திறப்பு விழா நடத்துகிறவர்போல் பொத்தானை அழுத்தினார்.

ஒரு சுற்று.

இரண்டு.

பட்டென்று அறுந்தது.

டிரம் நின்றுவிட்டது. உள்ளே சத்தம் மட்டும் நிற்கவில்லை. உதறி, தடவி, மடிக்கிற சத்தம்.

அதிகாரி மிஷின் கதவைத் திறந்தார். ஆறு சட்டைகளும் மொடமொடவென்று காய்ந்து, மடித்து அடுக்கியிருந்தன.

"அவ மடிப்பு," என்றார். குரலும் அப்போதுதான் ஓய்வு பெற்றது. "ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்."

மெக்கானிக் படிவத்தை நீட்டி, தன் வேலையில் குறையில்லை என்று எழுதித் தரும்படி மெல்லக் கேட்டார். அதிகாரி எழுதித் தந்தார்.

பிழைப்பு தப்பியது என்று வாசலுக்கு வந்து வண்டியில் ஏறினார் மெக்கானிக்.

பின்கழுத்தில் ஈரமான, வெதுவெதுப்பான விரல்கள். கசங்கிய காலரைச் சரிசெய்தன.

அவர் திரும்பவில்லை. "நல்லா இருக்கும்மா," என்றார், உதடு மட்டும் அசைய.

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு, எண்ணெய்க் கறை படிந்த அவருடைய சட்டையின் முதுகைப் பற்றி, வீட்டை நோக்கி மெல்ல இழுத்தன.