ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

“உன்னை நம்பி வெச்சிட்டுப் போலாமா, செல்வி?” என்று ஒருநாள் பக்கத்து வீட்டு நாராயணம்மா கேட்டிருந்தாள்.

மூக்கண்டப்பள்ளியின் அந்த லைன் வீடுகளில் தமிழ்செல்வியிடம் மட்டும்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. பந்த் என்றால் பஸ் எல்லாம் எல்லையில் அத்திப்பள்ளியோடு நின்றுவிடும். அதற்குப் பயந்துதான் பெங்களூரில் வேலை பார்த்த மகன் அம்மாவுக்கு இன்சுலின் புட்டிகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்திருந்தான். தினமும் ஊசி போட்டுவிடுவதும் தமிழ்செல்விதான்.

“எங்க டாக்டரம்மாவுக்குப் பூ மாதிரி கை. ஃபீஸா ஒரு காபி குடுத்தாப் போதும்,” என்று சிரித்தபடி நாராயணம்மா வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக்கொள்வாள்.

அந்த நாராயணம்மா செத்து, காரியம் முடிந்து, பக்கத்து வீட்டைக் கழுவிவிட்டும் ஆயிற்று.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வழக்கம்போல் கரண்ட் போனது. தமிழ்செல்வியின் கணவன் செகண்ட் ஷிப்டுக்குப் போயிருந்தான். தெருவில் பேச்சுச் சத்தமும் பம்பு அடிக்கும் சத்தமும் அடங்கி, கம்பெனிப் பக்கமிருந்து வரும் ரப்பர் கருகிய வாசனை மட்டும் ஜன்னல் வழியே நுழைந்துகொண்டிருக்க, அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு வீட்டுக்குள் கேட்ட இன்னொரு சத்தம் கொஞ்ச நேரம் உறைக்கவேயில்லை. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிய வீட்டில், தொண்டைக்குள் உறுமுவதுபோல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கோடையில்தான் அந்தத் தப்பு நடந்தது. மணிக்கணக்கில் கரண்ட் போகிறதே என்று, மீனைப் பத்திரப்படுத்துவதுபோல் புட்டிகளை ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். மறுநாள் எல்லாம் வெள்ளைக் கல்லாகியிருந்தன. “உறைஞ்சதுல ஒண்ணும் இருக்காதும்மா, தூக்கிப் போட்டுடு,” என்றார் மருந்துக்கடைக்காரர். அவள் போடவில்லை. நம்பி வைத்தவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்தி உருக்கினாள். கொஞ்சமாவது வேலை செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையே போட்டாள். “ஊசி போட்டும் நாக்கு வறளுதேடி,” என்று நாராயணம்மா செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தபோதும் அதையேதான் போட்டாள்.

கதவு தட்டும் சத்தம். நாராயணம்மாவின் புருஷன் எல்லப்பன் நின்றிருந்தார்.

“அவ மருந்துல மிச்சம் இருக்குதாம்மா? எனக்கும் சுகர் ஏறிப்போச்சு. அதே ஊசியைத்தான் போடச் சொல்லிட்டாங்க. இருக்கறத வீணாக்குவானேன்?”

தலையாட்டிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஸ்பிரிட் வாசனை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் வைத்திருந்த புட்டிகளின் மேல் பனி பூத்திருந்தது. ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். விரல் ஒட்டிக்கொண்டது.

ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இருட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

சேலையை ஒதுக்கி. வயிற்றைக் கிள்ளிப் பிடித்தபடி. ஊசிக்காகக் காத்திருப்பதுபோல்.

நாராயணம்மா.

உதடுகள் வெடித்துப் பாளம்பாளமாக. கண்கள் தமிழ்செல்வியின் வாயையே பார்த்தபடி.

சொல்லிவிடலாம். வேண்டாம்ணா. ஒரே சொல்.

கை தானாக நீண்டது.

“கரண்ட் இல்லாமயே எப்படிச் சில்லுனு வெச்சிருக்க,” என்றார் எல்லப்பன். புட்டியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். “உன்னை மாதிரி யாரும்மா பாத்துக்குவாங்க? வரேன்.”

அவர் படியிறங்கினார்.

ஃபிரிட்ஜ் நின்றது.

மூலையில் இருந்தவள் மெல்ல எழுந்தாள். விரல்களை எடுத்தாள். கிள்ளிய சதை அப்படியே நின்றது. தமிழ்செல்வியை உரசிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒருமுறை திரும்பினாள். இப்போதாவது சொல்வாளா என்று அந்த முகம் காத்திருந்தது.

தமிழ்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாராயணம்மா புருஷன் பின்னால் இறங்கிப் போனாள்.