ஏழாவது விதவை

"ஐயோ... போயிட்டியே ராசா!"

அலறல் தெருவையே கிழித்தது!

சவப்பெட்டிக்குள் கிடந்த எவாரிஸ்தோ சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பர்ரான்கியா நகரில் கார்னிவல் திருவிழாவின் கடைசி நாள். நாலு நாள் குடித்துக் கூத்தடித்தே செத்துப்போகும் ஹோசெலித்தோ என்ற கற்பனை ஆளுக்குத் தெருவுக்குத் தெரு பொய்ச் சவ ஊர்வலம். இந்தத் தெருவில் எவாரிஸ்தோதான் பிணம். முகமெல்லாம் சோளமாவு. சுற்றிலும் கறுப்பு முக்காட்டில் ஏழு விதவைகள். அதில் நாலு பேருக்கு மீசை!

ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

இலவச சட்ட உதவி மையத்து வக்கீல் மிர்த்தா ஒரு வருஷமாக அவனைத் துரத்துகிறாள். பெற்ற பிள்ளையைத் தன்னுடையதே இல்லையென்று சாதிக்கும் அப்பன்களைப் பிடிப்பதில் அவள் புலி! அவன் பிள்ளையைப் பெற்ற நெரெய்தாவிடம் காலணா வாங்காமல் வழக்குப் போட்டுவிட்டாள். சம்மனை அவன் கையில் நேராகக் கொடுத்தால்தான் வழக்கு நகரும்.

கொடுக்க விடுவானா? வீடு மாற்றினான். தாடி வளர்த்தான். இப்போது... செத்தும் போய்விட்டான்!

"உன் பொண்ணு யாரிஸுக்கு இனிமே அப்பன் பேரை யாருடா குடுப்பா?" ஒரு விதவை மாரில் அடித்துக்கொண்டாள்.

நெரெய்தாவின் குரல்!

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிணம் மூச்சைப் பிடித்தது.

நெரெய்தா விடவில்லை. "பாவி... ரம்முல விஷம் கலந்து நான்தான்டா உன்னைக் கொன்னேன்!"

"நிறுத்துங்க!"

எவாரிஸ்தோ ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தான். போலீஸ்! பச்சை யூனிபார்ம்! தொப்பி! கையில் விலங்கு!

"சார், இது விளையாட்டு சார்..." மீசை விதவை குழைந்தாள்.

"பொணத்தை வச்சு என்னய்யா விளையாட்டு? தலைநகர்லேர்ந்து நேத்துதான் மாத்தலாகி வந்தேன். எங்க ஊர்ல பொணம்னா பொணம்தான்! தூக்குங்க ஆஸ்பத்திரிக்கு. வயித்தைக் கிழிச்சா விஷம் தெரிஞ்சுடும்!"

பிணத்துக்கு வியர்த்தது. மாவு களியானது.

எழுந்தால்...? நெரெய்தா பார்ப்பாள். பார்க்கட்டுமே! சம்மன் வக்கீலிடம் அல்லவா இருக்கிறது!

துள்ளி எழுந்தான்.

"சார்! உயிரோடதான் சார் இருக்கேன்!"

"பேரு?"

"எவாரிஸ்தோ பாச்சேகோ!"

"சத்தமா!"

"எவாரிஸ்தோ பாச்சேகோ சார்!!"

ஏழாவது விதவை முக்காட்டை விலக்கினாள்.

மிர்த்தா!

"கையை நீட்டு தம்பி." நீட்டிய கையில் சம்மன் உட்கார்ந்தது. "திங்கக்கிழமை மரபணு சோதனை. பயப்படாதே, துளி எச்சில் போதும். வயித்தைக் கிழிக்க மாட்டோம்."

"போலீஸ் சார்... ஏமாத்துறாங்க சார்!"

"போலீஸா? கார்னிவல்ல வேஷம் கட்டினவன் நீ ஒருத்தன்தானா?" தொப்பியைக் கழற்றிச் சிரித்தான் அவன். "நான் பக்கத்துத் தெரு. போன வருஷம் அங்க பொணமா படுத்தவனே நான்தான்டா! இதே வக்கீலம்மாதான் எழுப்பி விட்டாங்க. இப்ப என் பையன் என்னை விட்டு நகர மாட்டேங்கிறான்!"

நெரெய்தா கண்ணைத் துடைத்தாள். இந்த அழுகை நிஜம்.

"இவ்வளவு நேரம் தொண்டை கட்ட அழுதீங்களே வக்கீலம்மா... அதுக்காவது ஏதாச்சும் வாங்கிக்கங்க."

"சேச்சே! எங்க மையத்துல ஒப்பாரியும் இலவசம்தான்!"