படத்தில் வெள்ளைச் சேலை

லிடியா வந்தபோது ஆபிரகாம் சரோஜினி நகர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காவல்துறைத் தடயப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். உதவியாளன் ஸ்ரீவத்ஸன் உடனே நோட்டைத் திறந்தான்.

“அங்கிள், நான் எடுத்த படம் கண்காட்சியில வேற ஒருத்தர் பேர்ல தொங்குது. மந்திர் மார்க் ஸ்கூல் வாசல்ல உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவை, அவங்களுக்குத் தெரியாம எடுத்தேன். கறுப்பு வெள்ளையா மாத்தும்போது, முகம் பளிச்சுனு தெரியட்டும்னு சிவப்பை நல்லா ஏத்தி வச்சேன்.”

“கலர் படம் எங்கே?”

“லேப்டாப், கேமரா ரெண்டும் மெட்ரோல திருடு போச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கறுப்பு வெள்ளை மட்டும் இருந்தது. பக்கத்து சீட் ஜெயகிருஷ்ணன் அதை எடுத்துக்கிட்டார். ‘காத்திருக்கும் விதவை’ன்னு தலைப்பு வேற. முதல் பரிசும் வாங்கிட்டார்.”

ஆபிரகாம் அவள் கைப்பேசியில் படத்தைப் பார்த்தார். வெள்ளைச் சேலை. பொட்டில்லாத நெற்றி. தலைப்பு பொருத்தமாகத்தான் தோன்றியது.

“இந்த அம்மாவைத் தேடிப் பிடி” என்றார் ஸ்ரீவத்ஸனிடம்.

இரண்டு நாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, மகளை அழைத்துப்போக வந்த வத்சலாவை அவன் கண்டுபிடித்தான்.

ஞாயிறு காலை லிடியாவுடன் கண்காட்சிக் கூடத்துக்குப் போன ஆபிரகாம் ஜெயகிருஷ்ணனிடம் கேட்டார்: “கலர் படம் இருக்கிறதா?”

“இல்லை சார். கேமராவிலேயே கறுப்பு வெள்ளையாக வைத்து எடுத்தேன்.”

“நேரில் என்ன நிறச் சேலை?”

“வெள்ளைதான். நெற்றியில் பொட்டுகூட இல்லை. நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன்.”

ஆபிரகாம் தலையசைக்க, ஸ்ரீவத்ஸன் வத்சலாவை உள்ளே அழைத்து வந்தான். அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். அதே பள்ளி வாசல், கணவர் அருகில், சிவப்புச் சேலை, பெரிய குங்குமப் பொட்டு.

“அன்னைக்கு எங்க கல்யாண நாள். இவர் வர்றதுக்குத்தான் காத்திருந்தேன். ஏன்பா, உயிரோட இருக்கிற மனுஷனை இப்படிக் கொன்னுட்டியே!”

“கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை ஏற்றினால், சிவப்பாக இருப்பதெல்லாம் வெளுத்துவிடும்” என்றார் ஆபிரகாம். “சேலை வெள்ளையானது. பொட்டு தோலோடு கலந்து மறைந்தது. இந்த அம்மாவை நேரில் பார்த்த யாரும் விதவை என்று எழுதியிருக்க மாட்டார்கள். நீங்கள் பார்த்தது படத்தை மட்டும்தான்.”

ஜெயகிருஷ்ணன் வெளியேறினார்.

லிடியா நன்றி சொல்ல வத்சலாவின் கையைப் பிடித்தாள். வத்சலா கையை விடுவித்துக்கொண்டாள்.

“அவன் கதை கட்டினான், சரி. நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்கலையேம்மா. என் மாமியார் இதைப் பார்த்தா என்ன ஆகும்?”

லிடியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தான் எடுத்தவற்றில் மிகச் சிறந்த படத்தைச் சுவரிலிருந்து தானே கழற்றினாள்.