பக்கத்துக் கட்டிலின் கடல்

முப்பத்தொன்றாம் நாள் காலையில், இனிப் பேசலாம் என்றானதும் வான்மதி முதலில் கேட்டது பாறைகளைப் பற்றித்தான்.

"ஏனுங்க, அந்தப் பாறைங்க ஞாபகம் இருக்குதுங்களா?"

தரணிதரன் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தான். "மறக்குமா அம்மிணி? யானைக் கூட்டம் தண்ணி குடிச்சுப்போட்டு அப்படியே படுத்துக்கிட்ட மாதிரி. சாயங்காலமானா ரோஸ் கலர்ல."

"மணலு?"

"சலிச்ச மாவு."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மாதம் முழுக்க அந்தக் கடற்கரையை இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நெஞ்சில் அடைகாத்திருந்தார்கள். பயணம் போய் வந்தவர்கள் முப்பது நாள் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் நினைவு ஊன்றாமல் ஈரத்தாளில் எழுதிய மை மாதிரி பரவிவிடும். கோயம்புத்தூரில் விரதம் இருப்பதைப் போல எல்லோரும் இதைக் கடைப்பிடித்தார்கள்.

உலகக் கடற்கரைகளில் மனிதக் கால் படக்கூடாது என்று சட்டம் வந்து பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது அங்கே நடப்பவை கரைநண்டுகள் மட்டுமே. உள்ளங்கை அளவு இயந்திரங்கள். மணலின் சூடு, காற்றின் உப்பு, அலை கணுக்காலில் மோதி விலகும் வேகம், எல்லாவற்றையும் சேகரித்து அனுப்பும். அதை வாங்கித் தரும் அலையகம் என்ற கூடத்தில் நாற்பது நிமிடம் கண்மூடிப் படுத்தால் போதும். உணர்வூட்டி என்ற கருவி ஏழு நாட்களைத் தலைக்குள் இறக்கிவிடும். எழுந்திருக்கும்போது கால்விரல் இடுக்கில் மணல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காதவர்கள் குறைவு. வான்மதியும் தரணிதரனும் அப்படிப் பதினோரு கடற்கரைகளுக்குப் போயிருந்தார்கள். கடைசியாகப் போனது சீஷெல்ஸில் உள்ள லா டீக் தீவுக்கு.

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். ஒரு மாதமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பெரிய பாறைக்கு அடியில நீங்க சொன்னதுக்கு நான் இன்னும் பதிலே சொல்லலைங்க. அங்க அழுகை வந்திருச்சு. ரொம்ப நன்றிங்க."

"நானு என்ன சொன்னேன்?"

"வெளையாடாதீங்க."

"இல்ல அம்மிணி, நெசமாத்தான் கேக்கறேன். சொன்னது நீயில்ல?"

ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வான்மதிக்குக் குடிநீர் வாரியப் பொறியாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. அவள் உள்ளே போகக் காத்திருந்தபோது, கோபிச்செட்டிபாளையத்தில் அவள் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று கூட வந்திருந்த தரணிதரனுக்கு அழைப்பு வந்தது. அவன் சொல்லவில்லை. தேர்வு முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்த பிறகுதான் சொன்னான். விரைவு ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வேலை கிடைத்தது. அவன் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் ஆறு வருடமாக ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

லா டீக்கில், மூன்றாம் நாள் மாலை, அவன் சொன்னான்: 'அன்னைக்கு ஒடனே உங்கிட்ட சொல்லியிருக்கோணும் அம்மிணி. மாமாவப் பாக்கறதா வேண்டாமான்னு நானு முடிவு பண்ணியிருக்கக் கூடாது.' அவள் அவன் முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். மன்னித்தாள். மிச்சம் வைக்காமல் மன்னித்தாள்.

இதை அவள் சொல்லி முடித்தபோது தோசை கருகும் வாசனை வந்தது. தரணிதரன் அடுப்பை அணைத்தான்.

"மூணாம் நாளு சாயங்காலம், அதே பாறைதான்," என்றான் மெதுவாக. "நீதான் பேசுன. 'நீங்க செஞ்சது சரிதானுங்க, ஒடனே சொல்லியிருந்தா வேலையும் போயிருக்கும், அப்பாவும் இருந்திருக்க மாட்டாரு'ன்னு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு."

"நானா? நான் அப்படிச் சொல்லுவனா?"

"சொன்னியே."

இந்த ஒரு மாதமாக அவன் அவள் அப்பாவைப் பற்றித் தயங்காமல் பேச ஆரம்பித்திருந்தான். 'மாமா இருந்தா இந்தக் கத்திரிக்காயத் தொட மாட்டாரு' என்று சிரித்தான். வருந்தியதால் லேசாகிவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் லேசானது விடுதலை பெற்றதால். அவள் தூக்கத்தில் அவன் முதுகில் கை போட்டதெல்லாம் யாருக்காக? அந்த முதுகு அதை எதற்கான கூலி என்று எடுத்துக்கொண்டது?

உக்கடம் அலையகத்தில் ரெஹானா என்ற பெண் அவர்களை உட்கார வைத்து, அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தையே திறந்து காட்டினாள். பதினேழாம் பிரிவு. தலைப்பு, 'துணை நிரப்பல்'.

"நண்டு கடலத்தான் மேடம் கொண்டுவரும். ஆளக் கொண்டுவராது."

"அப்ப என்கூட ஏழு நாள் இருந்தது யாரு?"

"உங்களுக்குத் தெரிஞ்ச சாரு. உங்க ஞாபகத்துல இருந்து எடுத்து நிரப்பிக்கும். சாருக்கு அதே மாதிரி, அவருக்குத் தெரிஞ்ச நீங்க. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஒரு வயரு கூடக் கிடையாதுங்க."

"அப்புறம் எதுக்குக் கட்டில ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கீங்க?" தரணிதரன் குரலை உயர்த்தினான்.

"தனித்தனி ரூம்ல போட்டா யாருங்க சார் வருவாங்க?"

திரும்பி வரும்போது பேருந்தில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வான்மதிக்கு எதன் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்ட வார்த்தைகள் அவளுடையவை என்றால், அவன் எப்படிக் கேட்பான் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் ஆறு வருடம் காத்திருந்தாள்? அழுததும் மனம் ஆறியதும் பொய் இல்லையே. நடக்காத ஒன்றால் ஆறிய மனம் மறுபடி புண்ணாக வேண்டுமா, என்ன முறை இது? பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவனிடம் கேட்டால் ஒரே ஒரு பதில்தான் வரும், அதை அவளால் மாற்ற முடியாது.

இரண்டு வாரம் கழித்து அவளே சொன்னாள், "இன்னொருக்கா போலாங்களா?"

"போலாம்," என்றான் அவன். யோசிக்கவே இல்லை. அவனுக்கும் அங்கே யாரையோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

ஐஸ்லாந்தின் கறுப்பு மணல் கரையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். பென்சில்களைக் கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்த மாதிரி பாறைத் தூண்கள். கடல் சீறிக்கொண்டே இருந்தது. முதல் நாளே, பக்கத்தில் கம்பளிக் குல்லாய் போட்டு நின்றவனிடம் கேட்டாள்: "நீங்க யாருங்க?"

"என்ன அம்மிணி, கிறுக்காட்டம் கேக்கற?" அதே சிரிப்பு. முன்பல்லின் ஓரத்தில் உடைந்த அதே சில்லு.

"அன்னைக்கு நீங்க கேட்ட மன்னிப்பு நெசமா?"

"நெசந்தான். அன்னைக்கு ஒடனே உங்கிட்ட..."

அவள் சந்தேகப்பட்டபோதெல்லாம் அவன் மறுபடி மன்னிப்புக் கேட்டான். மணலில் உட்கார்ந்து கேட்டான், அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டான், ஒருமுறை விசும்பிக்கொண்டே கேட்டான். ஒவ்வொரு முறையும் அவள் மன்னித்தாள். நான்காம் நாள் அவளே கும்பிட்டாள். "போதுங்க. நிறுத்திக்குங்க." அவன் உடனே நிறுத்தினான். அவள் சொன்னதை உடனே கேட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது. மீதி மூன்று நாளும் எட்ட நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது அலையகத்தின் வெள்ளைக் கூரை. பக்கத்துக் கட்டிலில் ஏதோ சத்தம். திரும்பினாள். தரணிதரன் மல்லாந்து படுத்தபடி அழுதுகொண்டிருந்தான். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ அவளுடைய கரையில் அவன் விசும்பியது வேறு யாரோ அழுவது போலிருந்தது.

"என்னாச்சுங்க?"

அவன் வாயில் விரல் வைத்துக் காட்டினான். முப்பது நாள்.

"ஞாபகம் ஊன்றாட்டிப் போகுதுங்க. நான் அங்க என்ன சொன்னேன், சொல்லுங்க."

விரலை எடுத்துவிட்டு, "ஒண்ணுமே சொல்லல," என்றான். "ஏழு நாளும் நீ வாயத் தொறக்கல அம்மிணி. என்னோட ஞாபகத்துல இப்ப நீ அப்படித்தான் இருக்கறாட்டம் இருக்குது. மொத ரெண்டு நாளு நானு சண்ட போட்டேன். அப்புறம் தாங்க முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அன்னைக்கு போன் வந்ததும் ஓடியாந்து உங்கிட்டச் சொல்லாம, காண்டீன்ல உக்காந்து டீ குடிச்சேன். பயந்துட்டேன். நீ போயிட்டா வேல போயிரும்னு இல்ல, உன்ற மொகத்தப் பாத்து அதச் சொல்ல முடியாதுன்னு. அதையெல்லாம் சொல்லிட்டேன். கால்ல விழுந்தேன்."

டீ குடித்தது அவளுக்குத் தெரியாது. பயந்ததும் தெரியாது. அவளுடைய கரையில் அத்தனை தடவை மன்னிப்புக் கேட்டவனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லுங்க," என்றாள். "இங்க, இப்ப."

"அதான் சொல்லிட்டனே அம்மிணி... அங்க." அவன் எழுந்து உட்கார்ந்தான். வார்த்தையைத் தேடுகிறான் என்று தெரிந்தது. தேடிய இடத்தில் அது இல்லை என்பதும் தெரிந்தது. கடைசியில், களைத்துப்போன குரலில், "அன்னைக்கு ஒடனே உங்கிட்ட சொல்லியிருக்கோணும்," என்றான்.

அவளுடைய வாக்கியம். அவள் கட்டிய, அவள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வாக்கியம். ஆனால் இந்த முறை சொன்னவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். இவனுக்குக் கொடுக்க வேண்டியது தன்னிடம் இருக்கும் என்று அவள் உள்ளே கைவிட்டுத் துழாவினாள். பாறை அடியில் கொடுத்திருந்தாள். கறுப்பு மணலில் திரும்பத் திரும்பக் கொடுத்திருந்தாள். வாங்கிக்கொண்டவன் எந்தக் கட்டிலிலும் இல்லை.

ரெஹானா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அய்யோ, பேசிட்டீங்களா? சரி விடுங்க, ஏதோ கொஞ்சம் தங்கும். ஒரே ஒரு கேள்விதான், பதிவு பண்ணணும். தண்ணி எப்படிங்க இருந்துச்சு?"

"கால் மரத்துப் போச்சுங்க," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.